மேலேறிய முழங்காற்சில்லு

எண்சாண் உடம்பிற்குத் தலையே தலைமை என்பது நம்மவர் வழக்கு. தலையினையும் நெஞ்சினையும் குறித்து எழுதுவார் பலர். முழங்காலைக் குறித்து எழுதுவார் மிகச் சிலர். அதிலும், முழங்காலின் முன்புறத்தே ஒரு சிறு மூடிபோற் கிடக்கும் எலும்பினை, அது தன்னிடத்தினின்று வழுவினாலன்றி ஒருவரும் நினைப்பதில்லை. யானும் பதினைந்தாம் அகவைவரை நினைத்தேனல்லேன். அவ்வெலும்பு இயல்பிற்குச் சற்று மேலே அமைந்துவிடுமாயின் விளைவன யாவை, அதனுடன் வாழ்வது எங்ஙனம், அதற்குச் செய்யத்தக்க மருத்துவம் யாது என்பனவற்றை, யான் பட்டறிந்தும் படித்தறிந்தும் கொண்ட அளவிற் கூறப்புகுகின்றேன். தமிழ் பயில்வானொருவன் எலும்பு நூலிற் புகுந்தது ஏன் எனச் சிலர் நகைக்கலாம். எலும்பு என்னுடையதாதலின் அவ்வுரிமை எனக்கு உண்டு.

பெயரினின்றே தொடங்குவாம். தமிழில் இதனை முழங்காற்சில்லு என்றும் முழங்காற்சிப்பி என்றும் வழங்குவர். மலையாள நாட்டார் முட்டுச்சிரட்டை என்பர். கவிழ்த்த தேங்காய்ச் சிரட்டை போன்றிருத்தலின் அப்பெயர் பொருத்தமுடையதே. இலத்தீனில் இதற்குரிய பட்டெல்லா என்னும் சொல்லுக்குச் சிறு தட்டு என்பது பொருள். ஓடும் சிப்பியும் சிரட்டையும் தட்டுமாகக் கைக்கெட்டிய பொருள்களைக் கொண்டே மக்கள் இதற்குப் பெயரிட்டிருக்கின்றனர். உடற்கூற்று நூலாரோ, தசைநாணினுள் தோன்றும் சிற்றெலும்புகளுக்கெல்லாம் எள்ளின் பெயரை இட்டு, இதனையும் அக்கூட்டத்துள் வைத்தனர். அவ்வினத்துள் மிகப் பெரியது இதுவே. எள் என்னும் பெயர்பூண்ட கூட்டத்துள் ஏறத்தாழ மூன்று விரல் அகலமுடையது ஒன்று இருத்தல் வியப்பன்றோ! பிறந்த மகவிற்கு இஃது எலும்பாக இராது. குருத்தாகவே இருந்து, மூன்று முதல் ஆறு அகவைக்குள் எலும்பாக இறுகத் தொடங்கும்.

இனி, இதன் தொழிலைக் காண்பாம். தொடையின் முன்புறத்தே நான்கு தலைகளையுடைய பெருந்தசை ஒன்று உண்டு. அது கீழ்நோக்கி வந்து ஒரு தசைநாணாகக் குவிந்து, சில்லினைத் தன்னகத்தே பொதிந்து, சில்லின் கீழ்முனையினின்று மீண்டும் ஒரு நாணாகத் தொடர்ந்து, கணைக்கால் எலும்பின் முன்புறத்தேயுள்ள மேட்டிற் சென்று பற்றுகின்றது. தசை சுருங்கக் கால் நிமிர்கின்றது. கிணற்றுச் சகடை கயிற்றினைத் தாங்கி நீரிறைப்பதனை எளிதாக்குதல் போல, இச்சில்லு நாணினை மூட்டிலிருந்து முன்னே தள்ளிப் பிடித்து, இழுக்கும் ஆற்றலைப் பெருக்குகின்றது. சென்ற நூற்றாண்டில் இதனை வேண்டாத எலும்பெனக் கருதி அறுத்தெறிந்த மருத்துவரும் இருந்தனர். சில்லிழந்த காலின் நிமிர்வலி குறைந்தமை கண்ட பின்னரே அவ்வழக்கம் அருகிற்று.

தொடையெலும்பின் கீழ்முனையில் ஓடைபோன்ற பள்ளம் ஒன்று உளது. கால் நேராக நீண்டிருக்குங்கால் சில்லு அவ்வோடையின் வாயிலுக்கு மேலே நிற்கும். கால் மடங்க மடங்கக் கீழிறங்கி, ஏறத்தாழ இருபது முப்பது பாகையளவு மடங்கியவிடத்து ஓடையினுட் புகுந்து நிலைபெறும். புகுந்தபின் ஓடையின் வெளிக்கரை அதனைக் காக்கும். புகுமுன் காப்பது யாது எனின், உட்புறத்தே சில்லினையும் தொடையெலும்பினையும் பிணிக்கும் ஒரு மெல்லிய தசைநாரே என்க.

கேடு நிகழ்வது இவ்விடத்தேதான். சில்லின் கீழுள்ள நாண் மிக நீண்டதாயின், சில்லு மேலேறி நிற்கும். ஓடையினுட் காலந்தாழ்த்துப் புகும். அவ்விடைக்காலத்தே எலும்பின் துணையில்லை. தொடைத்தசையின் இழுப்பு இயல்பாகவே சிறிது வெளிப்புறம் சாய்ந்ததாதலின், உடல் சடுதியில் திரும்பும்போது சில்லு வெளிப்பக்கமாக வழுவிவிடும். மேலும், ஓடையின்மேற் படியும் பரப்புக் குறைதலால் அழுத்தம் சிற்றிடத்தே குவிந்து, குருத்தெலும்பு நொந்து வலி தருவதும் உண்டு. இவ்வமைப்புப் பலர்க்கு வளர்ச்சியினால் நேர்வது. மூளை முடக்குவாதமுற்ற சிறுவர் முழங்கால் மடித்தே நடத்தலின் அவரிடத்து மிகுதியாகக் காணப்படுவது. அடிபட்டு நாண் முற்றும் அறுந்ததனாற் சில்லு மேலேறுதல் முற்றிலும் வேறு. அப்போது காலை நேராகத் தூக்கவே இயலாது. காலந்தாழ்த்தாது அறுவை மருத்துவரை அடைதல் வேண்டும். இவ்விரண்டினையும் ஒன்றெனக் கொள்ளலாகாது.

என் வரலாற்றினைச் சிறிது கூறுவல். பள்ளியிற் கபடி ஆடினோம். எதிரணியினர் எல்லையினின்று திரும்புங்கால் வலக்கால் மண்ணில் ஊன்றி நிற்க, உடல் மட்டும் திரும்பிற்று. முழங்காலின் முன்புறம் குழிந்து, வெளிப்புறத்தே ஒரு மேடு எழுந்தது. அக்காட்சியினை இன்றளவும் மறந்தேனல்லேன். தோழனொருவன் அஞ்சிக் காலைப் பிடித்து மெல்ல நீட்டினான். சில்லு தானே தன்னிடம் புகுந்தது. அவன் அறியாது செய்ததே செய்யத்தக்க முறையென்பதனைப் பின்னர் அறிந்தேன். வழுவிய சில்லினை வன்மையாகத் தள்ளுதல் தகாது. காலை மெதுவாக நீட்டுதலே முறை. நீளாதாயின் இருந்தபடியே தாங்கி மருத்துவரிடம் கொண்டுசெல்லல் வேண்டும். தானே புகுந்துவிட்டாலும் படம் எடுத்துப் பார்த்தல் இன்றியமையாதது. வழுவும்போதோ மீளும்போதோ குருத்தும் எலும்புமாக ஒரு துணுக்கு உடைந்து மூட்டினுட் கிடத்தல் கூடும்.

எனக்கு அன்று படம் எடுத்தாரிலர். சுளுக்கு என்று கூறி எண்ணெய் தடவிக் கட்டினர். பின்னர் ஈராண்டு, ஓடச்சொன்ன இடத்து ஓடாமையால் சோம்பன் என்று பெயர் பெற்றேன். வலியினும் அப்பெயரே மிகுதியாக வருத்திற்று. காலில் வீக்கமில்லை, காயமில்லை. எதனைக் காட்டி மெய்ப்பிப்பது? விடுதியின் படிக்கட்டில் புத்தகங்களுடன் இறங்குகையில் இரண்டாம் முறை சில்லு வழுவி உருண்டபோதுதான், என் சொல்லை மற்றவர் நம்பினர். அதனை இப்போது நினைப்பினும் சிறிது மனக்கசப்பு உண்டு.

அப்பொழுதே பக்கவாட்டில் ஊடுகதிர்ப் படம் எடுக்கப்பட்டது. சில்லு உயர்ந்துளதா என்பதனைக் கண்ணளவாற் சொல்லாது அளந்து சொல்லும் முறைகள் சில உள. 1938ஆம் ஆண்டில் புளூமன்சாட் என்னும் செருமானிய மருத்துவர், தொடையெலும்பின் அடிப்புறத்தே படத்திற் புலப்படும் ஒரு கோட்டினை முன்னே நீட்டி, முப்பது பாகை மடங்கிய காலில் சில்லின் கீழ்முனை அக்கோட்டினைத் தொடுதல் வேண்டும் என்றார். பாகை சிறிது பிழைத்தாலும் முடிவு பிழைக்கும் என்பது அதன் குறை. 1971ஆம் ஆண்டில் இன்சால், சால்வாட்டி என்னும் இருவர், நாணின் நீளத்தினைச் சில்லின் நீளத்தால் வகுக்க என்றனர். ஈவு ஒன்றினை அடுத்து நிற்பின் இயல்பு, 1.2ஐ விஞ்சின் சில்லு உயர்ந்தது. என் படத்தில் நாண் 62 மில்லிமீட்டர், சில்லு 44 மில்லிமீட்டர், ஈவு 1.4. மருத்துவர் அளவுகோலை வைத்துக் கணக்கிட்டுக் காட்டியபோது என் கண்கள் கலங்கின. நோய் உண்டென்று கேட்டு மகிழ்ந்தவன் யானாகத்தான் இருத்தல் வேண்டும்.

இம்முறைக்கும் ஒரு குறை உண்டு. சிலருக்குச் சில்லின் கீழ்மூக்கு நீண்டிருக்கும். அன்னோர்க்கு ஈவு ஏமாற்றும். ஆதலின் 1982ஆம் ஆண்டில் காத்தோன், தெசாம்பு முதலிய பிரெஞ்சு நாட்டு மருத்துவர், சில்லின் உட்புறத்தே குருத்துப் படர்ந்த பரப்பினை மட்டும் அளவாகக் கொண்டு, அப்பரப்பின் கீழெல்லையினின்று கணைக்கால் எலும்பின் மேல்விளிம்பு வரையுள்ள தொலைவினை அதனால் வகுத்தனர். இவ்விரு முறைகளுக்குமுள்ள வேறுபாடு அறுவைக்குப்பின் இனிது விளங்கும். நாணைக் குறுக்காது அது பற்றும் மேட்டினையே கீழிறக்குவாராதலின், முன்னையோர் ஈவு சிறிதும் மாறாது. பின்னையோர் ஈவே குறைந்து காட்டும்.

இனி மருத்துவம். அறுவை வேண்டுமோ என்று என் தந்தையார் வினவினார். மருத்துவர் என்னை நோக்கி, “தம்பி, உடைந்த துணுக்கு ஒன்றும் உள்ளே இல்லை. முதலில் மூன்று திங்கள் தசையைப் பழக்கு, பிறகு பேசுவோம்” என்றார். காலை மடக்காது நேராகத் தூக்கிப் பத்தெண்ணும்வரை நிறுத்தல், சுவரில் முதுகு சாய்த்துச் சிறிதளவே மடங்கி நிமிர்தல், ஒருக்களித்துப் படுத்து மேற்காலை உயர்த்தல் என்பன அவர் விதித்தவை. முழங்கால் நோய்க்கு இடுப்பினைப் பழக்குவது ஏன் எனின், இடுப்புத்தசை தளர்ந்தால் தொடையெலும்பு உட்புறம் உருளும். ஓடை சில்லின் அடியினின்று விலகும். நோக்குவார்க்குச் சில்லு விலகினாற் போலத் தோன்றும். பயிற்சி சில்லினைக் கீழிறக்குமோ எனின், இறக்காது. என் ஈவு இன்றும் 1.4 தான். ஆயினும் சில்லினைப் பிடிக்கும் கைகள் வலிமை பெற்றன. முதல் ஒரு திங்கள் பயன் ஒன்றும் தோன்றாமையால் யான் சலித்து விட்டொழிக்க இருந்தேன். ஏழாம் கிழமையளவிற் படியிறங்குகையில் அச்சம் குறைந்திருப்பதனைத் தற்செயலாக உணர்ந்தேன்.

1986ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய நாட்டு இயன்முறை மருத்துவர் ஜென்னி மக்கானல் என்பார், சில்லினை உட்புறம் இழுத்து ஒட்டுநாடாவாற் கட்டும் முறையினை எழுதி வெளியிட்டார். அஃது எலும்பினை உண்மையில் நகர்த்துகின்றதா என்பது ஐயத்திற்குரியது. சிறிது காலம் வலி குறைப்பதென்னவோ மெய். யான் தேர்வு நாள்களில் மட்டும் கட்டிக்கொள்வேன்.

பயிற்சி செய்தும் மீண்டும் மீண்டும் வழுவுவார்க்கே அறுவை. கணைக்கால் எலும்பின் மேட்டினை நாணுடன் பெயர்த்து, கணக்கிட்ட சில மில்லிமீட்டர் கீழிறக்கி, திருகாணிகளாற் பிணிப்பர். உட்புறத் தசைநார் சிதைந்திருப்பின் அதனையும் புதிதாக அமைப்பர். எலும்பு கூட ஆறு கிழமைக்கு மேலாகும். அதுவரை ஊன்றுகோல் வேண்டும். எலும்பு கூடாமை, கணைக்கால் முறிதல், மிகையாக இறக்கிவிடுதல் ஆகிய இடர்களும் உள. வளர்ச்சி முடியாத சிறுவர்க்கு இவ்வறுவை செய்யலாகாது; மேட்டின் வளர்குருத்துச் சிதைந்து கால் பின்னோக்கி வளையும்.

அன்றாட வாழ்விற்கு வருவாம். ஏறுவதினும் இறங்குவது கடினம். மேடையில்லாக் கழிப்பிடமும் நெடுநேரம் சம்மணமிட்டிருத்தலும் துன்பம். சிற்றாலயத்தில் முழந்தாட்படியிடுங்கால் சிறு தலையணை ஒன்றினை வைத்துக்கொள்வேன். அதற்கு ஒருவரும் முகஞ்சுளித்திலர். வகுப்பறையே பெருந்தொல்லை தந்தது. மடங்கிய காலுடன் மூன்றாம் பாடவேளையும் இருக்கையில் சில்லின் அடியில் நோவு தொடங்கும், நீட்டினால் தணியும். ஆனால் பெரியோர் முன் காலை நீட்டுதல் நம் நாட்டில் வழுவன்றோ! ஒருநாள் இலக்கண வகுப்பில் பொறுக்கலாற்றாது நீட்டிவிட்டேன். ஆசிரியர் கண்டார்; ஒன்றும் கூறிற்றிலர். வகுப்பு முடிந்தபின் அழைத்து வினவினார். படத்தினைப் பற்றியும் ஈவினைப் பற்றியும் நடுங்கிய குரலிற் சொன்னேன். அவர் சிறிது நேரம் எண்ணி, “வழுவமைதி என்று கொள்வோம்” என்றார். மறுநாள் முதல் வலப்புறக் கடைசி இருக்கை எனக்கென ஒதுக்கப்பட்டது. கால் நடைவழியில் நீண்டிருக்கும், வருவோர் சுற்றிச் செல்வர்.

இரண்டாம் முறை வழுவி இப்போது பதினெட்டுத் திங்கள் ஆகின்றன. கபடி ஆடுவதில்லை, நீந்துகின்றேன், மிதிவண்டியின் இருக்கையை உயர்த்தி வைத்து ஓட்டுகின்றேன். வரும் கோடை விடுமுறையில் மருத்துவர் மீண்டும் பார்க்க வரச்சொல்லியிருக்கின்றார். அறுவை வேண்டுமென்பாரோ, வேண்டாமென்பாரோ, அறியேன். விடுதியின் படிக்கட்டில் மட்டும் கைப்பிடியை விடுவதில்லை.