விலை ஒப்பிடும் கருவி: கமிஷன் யார் தலையில்?



கைப்பேசியில் விலை பார்த்துவிட்டுக் கடை ஏறும் வாடிக்கையாளர் இன்று நமக்குப் புதியவர் அல்ல. "அங்கே இவ்வளவுதானே போட்டிருக்கிறான்" என்று அவர் கேட்கும்போது நாம் கோபப்பட்டுப் பயனில்லை. அந்த விலை எப்படி உண்டாகிறது, அதைக் காட்டுகிறவருக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் பதில் சொல்லலாம். இதற்கு நல்ல பாடம் அமெரிக்க மருந்துக் கடைகளில் கிடைக்கிறது.

ஒரே மாத்திரை, பல விலை

நம் நாட்டில் மாத்திரை அட்டையிலேயே அதிகபட்ச சில்லறை விலை அச்சாகி வருகிறது. அமெரிக்காவில் அந்த வழக்கம் இல்லை. பெரிய டப்பாவிலிருந்து மாத்திரையை எண்ணி, சிறு புட்டியில் போட்டுக் கொடுக்கிறார்கள். விலை வைப்பவர் கடைக்காரர். ஒரே ஊரில் கடைக்குக் கடை பல மடங்கு வித்தியாசம் இருப்பதுண்டு.

காரணம் இன்சூரன்ஸ் முறை. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் கடைக்கும் நடுவில் பி.பி.எம். எனப்படும் இடை நிறுவனங்கள் நின்று விலை பேசுகின்றன. அந்நாட்டு மருந்துச் சீட்டுகளில் ஏறக்குறைய 80 சதவீதம் மூன்று பெரிய பி.பி.எம்.களின் கை வழியே போகிறது என்று அங்குள்ள மத்திய வர்த்தக ஆணையம் 2024-ல் சொல்லியது. பேசிய விலை, கடையின் சொந்த விலை ஆகிய இரண்டில் எது குறைவோ அதுவே கடைக்குக் கிடைக்கும் என்று ஒப்பந்தங்களில் எழுதுவது வழக்கம். சொந்த விலையைக் குறைத்தால் வரவும் குறையும். ஆகவே கடைக்காரர்கள் அதை உயர்த்தி வைத்தார்கள். அந்த உயர்ந்த விலை முழுதும் இன்சூரன்ஸ் இல்லாதவர் தலையில் விழுந்தது.

இன்னொரு கொடுமையும் இருந்தது. "இன்சூரன்ஸ் இல்லாமல் ரொக்கம் கொடுத்தால் உங்களுக்கு மலிவு" என்று வாடிக்கையாளரிடம் சொல்லக் கூடாதென்று சில ஒப்பந்தங்கள் கடைக்காரரின் வாயைக் கட்டின. 2018 அக்டோபரில் வந்த சட்டங்கள்தான் அந்தக் கட்டை அவிழ்த்தன.

கருவி வேலை செய்யும் விதம்

இந்தச் சூழ்நிலையில் 2011-ல் கலிபோர்னியாவில் தொடங்கியது குட்ஆர்எக்ஸ். மருந்தின் பெயர், அளவு, எண்ணிக்கை, ஊரின் அஞ்சல் குறியீடு ஆகியவற்றைக் கொடுத்தால் அக்கம்பக்கத்துக் கடைகளின் விலைகளை வரிசையாகக் காட்டும். கூடவே ஒரு கூப்பனும் தரும். அந்த எண்களைக் கடைக்காரர் கணினியில் ஏற்றினால், ஏதோ ஒரு பி.பி.எம். ஏற்கெனவே பேசி வைத்த விலை பில்லில் விழும். இன்சூரன்ஸ் இல்லாத நோயாளிக்கு இது பெரிய உதவி. அதை நாம் மறுக்க முடியாது.

வாடிக்கையாளர் கருவிக்குக் காசு கொடுப்பதில்லை. கூப்பனில் விற்ற ஒவ்வொரு சீட்டுக்கும் கடை பி.பி.எம்.முக்கு ஒரு கட்டணம் கட்டுகிறது. அதில் ஒரு பங்கு குட்ஆர்எக்ஸுக்குப் போகிறது.

புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். கடை விலை 40 டாலர். கூப்பன் விலை 14. அடக்க விலை 6. கட்டணம் 5. கடைக்கு மிஞ்சுவது 3 டாலர். வாடகை, சம்பளம், புட்டி எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். அடக்கம் 10 டாலராக இருந்தால் ஒவ்வொரு பில்லிலும் 1 டாலர் நஷ்டம். கூட்டம் கூடக்கூட நஷ்டமும் கூடும்.

2022-ன் தொடக்கத்தில் க்ரோகர் என்ற பெரிய மளிகைச் சங்கிலியின் மருந்துப் பிரிவுகள் இந்தக் கூப்பன்களில் பலவற்றை ஏற்காமல் நின்றன. மே மாதத்தில் விஷயம் வெளியானதும் குட்ஆர்எக்ஸின் பங்கு விலை பெருமளவு சரிந்தது. ஆகஸ்டில் சிக்கல் தீர்ந்ததாக அறிவித்தார்கள். கடைகள் இல்லாமல் விலைப் பட்டியல் நடக்காது என்பது அப்போது தெரிந்தது. ஆனால் அப்படி நிற்கும் பலம் தனிக் கடைக்கு ஏது?

தரகர் இல்லாத வழிகள்

வால்மார்ட் 2006 செப்டம்பரில் புளோரிடாவின் டாம்பா பகுதியில் தொடங்கி, குறிப்பிட்ட சில மலிவு மருந்துகளை 30 நாள் அளவுக்கு 4 டாலர் என்று பகிரங்கமாக விற்றது. 2022 ஜனவரியில் மார்க் கியூபன் தொடங்கிய காஸ்ட் பிளஸ் என்ற இணைய மருந்துக் கடை, அடக்க விலையை வெளியே காட்டி, மேலே 15 சதவீதமும் மருந்தாளருக்கும் அனுப்புவதற்கும் நிலையான கட்டணமும் மட்டும் சேர்த்தது. இரண்டிலும் விலையைச் சொன்னவர் விற்பவரே. சொந்த விலை தெளிவாக இருக்கும் கடையில் தரகருக்கு வேலை குறைவு.

வாடிக்கையாளரின் இரகசியம்

யார் என்ன மருந்து தேடினார் என்ற விவரம் விளம்பரக் கம்பெனிகளுக்குப் போனதாக மத்திய வர்த்தக ஆணையம் 2023 பிப்ரவரியில் குட்ஆர்எக்ஸ் மீது வழக்குப் போட்டது. தவறை ஒப்புக்கொள்ளாமலேயே 15 லட்சம் டாலர் கட்ட அந்நிறுவனம் சம்மதித்தது. இலவசமாகக் காட்டப்படும் விலைக்கு வாங்குபவரும் வேறு வகையில் ஈடு கொடுக்க நேரலாம்.

நமக்குப் பாடம்

1. எந்த விலைப் பட்டியலில் சேருமுன்னும் ஒரு விற்பனைக்குக் கட்டணம் எவ்வளவு, அதைக் கூட்ட யாருக்கு உரிமை, எப்போது விலகலாம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

2. சரக்குவாரியாக அடக்க விலை எழுதி வையுங்கள். வண்டிக் கூலி, சேதாரம் சேர்க்காத அடக்கம் அடக்கமே அல்ல.

3. அடிக்கடி விற்கும் பத்துப் பதினைந்து சரக்குகளின் விலையைக் கடை வாசலில் பலகையில் எழுதுங்கள். நம் விலையை நாமே முதலில் சொல்லிவிடுவோம்.

4. வாடிக்கையாளரின் வாங்கல் விவரம் கேட்டு யார் வந்தாலும் கொடுக்காதீர்கள். ஒரு குடும்பத்தின் மளிகைச் சீட்டும் மருந்துச் சீட்டும் நம்மை நம்பித் தந்தவை.

5. கட்டணம் கட்டுப்படியாகவில்லையென்றால் தனியே சண்டை போட வேண்டாம். சங்கத்தில் கொண்டுவந்து வையுங்கள், சேர்ந்து பேசுவோம்.