ஐதராபாத்தைக் கண்ணாடித் தகட்டில் பதித்தவர்

நம் தக்கலைக்கு அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனைக்கு வருபவர்களில் படம் எடுக்காமல் திரும்புவோர் அரிது. ஒரு நிமிடத்தில் பத்துப் படம் எடுத்துவிடுகிறார்கள். ஒரு படத்துக்கு ஒரு கண்ணாடித் தகடு தேவைப்பட்ட காலத்தில், பிறந்த ஊரை விட்டு வந்து வேறொரு நகரத்தைப் படமாக்கி வைத்தவர் லாலா தீன் தயாள்.

இவர் 1844-ஆம் ஆண்டு, மீரத்துக்கு அருகிலுள்ள சர்தனாவில் ஒரு சமணக் குடும்பத்தில் பிறந்தார். சர்தனா என்றதும் பேகம் சம்ரு கட்டிய தேவமாதா பேராலயம் நம்மில் சிலருக்கு நினைவு வரும். ரூர்க்கி பொறியியல் கல்லூரியில் பயின்று, இந்தூரில் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தார். படம் பிடிப்பது அவருக்கு முதலில் பொழுதுபோக்கே.

அக்காலத்து முறை எளிதன்று. தகட்டில் கொலோடியன் பூசி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் படமெடுத்து, உடனே இருட்டில் கழுவியாக வேண்டும். வெளியூர் சென்றால் இருட்டறைக் கூடாரமும் மருந்துப் புட்டிகளும் கூடவே செல்லும். நம் நாட்டு வெயிலில் ஈரம் எவ்வளவு நேரம் நிற்கும்! உலர் தகடுகள் வந்த பிறகே சிரமம் குறைந்தது.

1880-களில் ஆறாம் நிஜாம் மகபூப் அலி கான் இவரைத் தம் அரசவைப் புகைப்படக்காரராக்கினார். செகந்தராபாத்தில் ஸ்டுடியோ எழுந்தது. சார்மினார், அரண்மனைகள், வேட்டை, விருந்து எல்லாம் படங்களாயின. பஞ்ச நிவாரண வேலைகளும் அவற்றில் உண்டு. வேட்டைப் படங்களைவிட இவையே மேலானவை என்பது என் எண்ணம்.

ஆயினும் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது 1892-இல் ஐதராபாத்தில் அவர் பெண்களுக்கென்றே திறந்த ஸ்டுடியோதான். கோஷா அனுசரித்த பெண்கள் அந்நிய ஆடவர் முன் வரமாட்டார்கள். ஆகவே உயர்ந்த மதில் எழுப்பி, கென்னி லெவிக் என்ற ஆங்கிலப் பெண்மணியின் பொறுப்பில் அதை விட்டார். காமிராவுக்குப் பின்னால் நின்றதும் ஒரு பெண்தான்! அந்த மதில் அவர்களுக்குக் காவலா, சிறையா? இரண்டும் என்றே தோன்றுகிறது. ஆனால் மதிலுக்குள்ளாவது ஒரு பெண் தன் முகத்தைத் தானே படமாகக் கண்டாள்.

1894-இல் நிஜாம் இவருக்கு 'ராஜா' பட்டம் அளித்தார். 1905-இல் தீன் தயாள் காலமானார். இவருடைய 2,857 கண்ணாடித் தகடுகளை 1989-இல் புதுடில்லியிலுள்ள இந்திரா காந்தி தேசியக் கலை மையம் பெற்றது. 2006-இல் இவருக்குத் தபால் தலையும் வெளியாயிற்று.