கோடாலிக்கருப்பூர் சேலை சொல்லும் வியாபாரப் பாடம்



ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதியிலும் உத்திர வீதியிலும் "பழைய பட்டுச் சேலை, பழைய ஜரிகை இருக்கா?" என்று கூவி வருபவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பாட்டியின் பெட்டியில் மடிப்பு மடிப்பாக இற்றுக் கிடப்பதை எடைக்குப் போட்டுவிட்டுப் பணமோ பாத்திரமோ வாங்கிக்கொள்கிறோம். சேலை நெருப்புக்குப் போகும். ஜரிகையிலிருந்து வெள்ளி மட்டும் மிஞ்சும். எடைக்குப் போடும் துணிகளுள் எப்படிப்பட்டவை இருக்கக்கூடும் என்பதற்கு நம் பக்கத்து ஊர்ச் சேலை ஒன்றையே இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

எது அந்தச் சேலை?

கோடாலிக்கருப்பூர் கொள்ளிடத்தின் வடபுறம், உடையார்பாளையம் வட்டத்தில் உள்ள ஊர். இன்று அரியலூர் மாவட்டம். முன்பு நம் திருச்சி மாவட்டத்தில் இருந்தது. தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக்காக அங்கே தனி வகைச் சேலையும் தலைப்பாகைத் துணியும் தயாராயின. அரண்மனையின் மண உறவுகள் வழியே அவை பரோடா போன்ற சமஸ்தானங்களுக்கும் போயின.

அதில் இரண்டு கலைகள் சேர்ந்திருந்தன. முதலில் மெல்லிய பருத்தித் துணியில், பூ வரும் இடத்தில் மட்டும் ஜரிகையைக் கோத்து நெய்வார்கள். பிறகு அதே துணியில் மெழுகால் கோடும் பூவும் இட்டுச் சாயத்தில் தோய்ப்பார்கள். மெழுகு பட்ட இடம் வெளுப்பாகவே நிற்கும். மற்ற இடமெல்லாம் மங்கிய சிவப்பாகும். அந்தச் சிவப்பின் நடுவே ஜரிகை மினுக்கும். பளபளவென்று அடிக்காமல், அடக்கமாக ஒளிவிடுவதுதான் அதன் அழகு.

இன்று லண்டனில் உள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் அகமதாபாத் கேலிகோ அருங்காட்சியகத்திலும் இவ்வகைத் துணிகளைப் போற்றி வைத்திருக்கிறார்கள்.

முதல் பாடம்: விலை சரக்கில் மட்டும் இல்லை

நம் பக்கத்துக் கலம்காரி வேலைக்கு வேண்டிய பொருள்களைப் பாருங்கள். துணியை ஊறவைக்கக் கடுக்காயும் எருமைப் பாலும். சாயம் பரவாமல் இருக்கப் பாலின் கொழுப்பு உதவும். சிவப்பு பிடிக்கப் படிகாரம். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் ஊறப்போட்டால் கறுப்புக் கிடைக்கும். சிவப்புக்குச் சாயவேர், நீலத்துக்கு அவுரி, மறைப்புக்குத் தேன்மெழுகு. இவற்றில் பாதி நம் மளிகைக் கடையிலும் மீதி நாட்டுமருந்துக் கடையிலும் கிடைத்த சரக்குதானே!

கடுக்காய்க்குக் கடுக்காய் விலைதான். அதை எந்தப் பதத்தில் ஊறவைப்பது, எந்த வெயிலில் உலர்த்துவது, எத்தனை முறை அலசுவது என்ற அறிவுதான் அதற்கு மதிப்பைக் கூட்டியது. நம் கடையிலும் அப்படியே. கல் பொறுக்கிய பருப்பு, சரியாகக் காய்ந்த மிளகாய், புடைத்துச் சலித்த கொத்தமல்லி: கைவேலைக்கு உரிய விலையை வாடிக்கையாளர் தயங்காமல் தருவார்.

இரண்டாம் பாடம்: ஒரே வாசலை நம்பாதீர்

1855ல் தஞ்சை மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் காலமானார். கம்பெனி ஆட்சி தஞ்சை அரசைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அரண்மனைக் கொள்முதல் ஒடுங்கியது. 1869க்குப் பின் ஐரோப்பாவிலிருந்து மலிவான செயற்கைச் சிவப்புச் சாயமும் வரத் தொடங்கியது. காலப்போக்கில் அந்தச் சேலையின் நெசவே நின்றுபோயிற்று. நெய்தவரின் கையில் குறை இல்லை. சரக்கிலும் குறை இல்லை. வாங்குபவர் ஒருவரே என்பதுதான் குறை.

இதை நாங்கள் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பெரியகடைவீதியில் எங்கள் மொத்தக் கடைச் சரக்கில் முக்கால் பங்கு ஒரு காலத்தில் ஒரே பெரிய சமையல்கூடத்துக்குப் போயிற்று. மூட்டை மூட்டையாகப் பருப்பு போனது. பத்து கிலோ கேட்டு வந்த சில்லறைக் கடைக்காரர்களை "நாளைக்கு வாங்க" என்று திருப்பி அனுப்பினோம். நிர்வாகம் மாறியது, கொள்முதல் வேறு கைக்குப் போயிற்று. பழைய பாக்கி ஒன்பது மாதம் இழுத்தது. பிறகு டி.வி.எஸ். 50ல் லால்குடி, முசிறி என்று அலைந்து, அதே சில்லறைக் கடைக்காரர்களிடம் போய் நின்றோம். சிலர் முகம் கொடுத்தார்கள். சிலர் "நாளைக்குப் பார்க்கலாம்" என்றார்கள். அந்த வார்த்தையின் கனம் அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அதிலிருந்து எந்த ஒரு வாடிக்கையாளரும் எங்கள் விற்பனையில் நாலில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறோம்.

மூன்றாம் பாடம்: பல வாசல் உள்ள தொழில் பிழைக்கும்

கருப்பூர்க் கலைஞர்களின் கைவேலை முற்றும் அழியவில்லை. கோயில்களுக்குரிய தொம்பை, விதானம் போன்ற ஓவியத் துணிகளாக அது பிழைத்தது. தேரிலும் மண்டபத்திலும் தொங்கும் அந்தத் துணிகள் பழையதானால் புதிது வேண்டும். ஊருக்கு ஊர் கோயில் உண்டு. கும்பகோணம் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையில் இன்றும் இவ்வேலை நடக்கிறது. 2021ல் கருப்பூர்க் கலம்காரி ஓவியத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அரண்மனை ஒன்றை நம்பிய சேலை நின்றது. ஆயிரம் கோயிலை நம்பிய தொம்பை நிலைத்தது.

நாம் செய்ய வேண்டியவை

1. வீட்டில் பழைய ஜரிகைத் துணி இருந்தால் எடைக்குப் போடுமுன் விரித்துப் பாருங்கள். பூ நெசவிலேயே இருக்கிறதா, அச்சா என்று பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் தெரியும்.

2. பிளாஸ்டிக் பையில் வைக்காதீர்கள். வெளுத்த பழைய வேட்டியில் சுற்றி, சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி வையுங்கள்.

3. யாருடையது, எந்தக் கல்யாணத்துக்கு எடுத்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். வரலாறு தெரிந்த துணிக்கே மதிப்பு.

4. ஐயம் இருந்தால் திருச்சி ராணி மங்கம்மாள் மண்டபத்தில் உள்ள அரசு அருங்காட்சியகத்தில் விசாரிக்கலாம்.

5. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. அவற்றை வியாபாரம் செய்ய உரிமமும் வேண்டும். ஆசை காட்டுகிற தரகரிடம் ஏமாறாதீர்கள்.

கடைசியாக ஒன்று. இன்றிரவு கடை கட்டுமுன் கணக்கு நோட்டை எடுத்துப் பாருங்கள். ஒரே பெயர் எத்தனை பக்கத்தில் வருகிறது? பாதிக்கு மேல் வந்தால், நாளைக் காலை முதல் வேலையாகப் பத்து கிலோ கேட்டு வருபவரை உள்ளே அழைத்து உட்காரச் சொல்லுங்கள்.