பணவீக்கக் கணக்கும் நம் வட்டியும்

“பணவீக்கம் குறைஞ்சிருச்சு என்று ரேடியோவில் சொல்றாங்க, கடையில் மா விலை குறையலையே?” என்று பலர் நம்மிடம் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அடகு வைத்த நகைக்கும் வங்கியில் போட்ட காசுக்கும் இந்தக் கணக்கோடு தொடர்பு உண்டு. ஆகவே இம்முறை அதைப் படிப்போம்.

பணவீக்கம் என்றால் என்ன?

தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் மாதந்தோறும் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணை வெளியிடுகிறது. போன வருஷம் இதே மாதத்தை விட விலைகள் சராசரியாக எவ்வளவு ஏறியுள்ளன என்பதை அதிலிருந்து கணக்கிடுவார்கள். 2022 செப்டெம்பரில் அது 69.8 வீதம். அதாவது, முந்திய வருஷம் 100 ரூபாவுக்கு வாங்கிய சாமான் ஏறக்குறைய 170 ரூபா. 2023 செப்டெம்பரில் பணவீக்கம் 1.3 வீதம். அதற்காக 170 ரூபா மறுபடி 100 ஆகவில்லை, 172 ஆயிற்று. குறைந்தது விலை அல்ல, விலை ஏறும் வேகம்தான்.

வட்டி எப்படி மாறுகிறது?

விலை வேகமாக ஏறினால் மத்திய வங்கி வட்டியைக் கூட்டும். கடனும் செலவும் குறைந்தால் விலையேற்றம் தணியும் என்பது காரணம். 2022 ஏப்ரலில் ஒரே தடவையில் 7 வீதம் கூட்டியது. பிறகு 2023 ஏப்ரலில் 35.3 வீதமாக இருந்த பணவீக்கம் மே மாதம் 25.2 ஆக இறங்கியது. அந்தக் கணக்கு வெளிவந்த மறுநாள், யூன் 1ஆம் திகதி, வங்கிகளுக்குத் தான் கடன் கொடுக்கும் வட்டியை மத்திய வங்கி 16.5 இலிருந்து 14 வீதமாகக் குறைத்தது.

பெரிய பணக்காரர்கள் அறிவிப்பு வரும்வரை காத்திருப்பதில்லை. பணவீக்கம் இறங்கப் போகிறது என்று தெரிந்தால், பழைய கூடிய வட்டி கிடைக்கும்போதே திறைசேரி உண்டியல்களை வாங்க முந்துவார்கள். வாங்க ஆள் கூடினால் அரசாங்கம் குறைந்த வட்டிக்கே கடன் பெறலாம். இப்படித்தான் அறிவிப்புக்கு முன்பே சந்தையில் வட்டி இறங்கத் தொடங்குகிறது.

நாம் கவனிக்க வேண்டியவை

1. 2022 கடைசியில் நிலையான வைப்புக்கு 20 வீதத்துக்கும் மேல் வட்டி கொடுத்த வங்கிகள் இருந்தன. அப்போது ஒரு வருஷத்துக்குப் போட்டவருக்கு, பின்னர் வட்டி இறங்கியும் பேசிய வட்டியே கிடைத்தது. வட்டி இறங்கும் காலத்தில் நீண்ட தவணை நல்லது, ஏறும் காலத்தில் குறுகிய தவணை நல்லது.

2. கடன் எடுக்கும்போது, “இது நிலையான வட்டியா, மாறும் வட்டியா?” என்று கேட்டு விட்டே கையெழுத்துப் போடுங்கள்.

3. நகை அடகில் இருந்தால், வட்டி குறைந்த செய்தி கேட்டதும் போய் விசாரியுங்கள். பழைய அடகுக்குப் பழைய வட்டியே ஓடிக்கொண்டிருக்கலாம்.

4. ஒரு மாதக் கணக்கை மட்டும் நம்பி அவசரப்பட வேண்டாம். மூன்று, நான்கு மாதம் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள்.