சூட்டுக்கோலின் முனை

ஆசிடை நேரிசை வெண்பாவில் தனிச்சொல்லை முன்னுள்ள சீரோடு பொருத்தும் அசையை ‘ஆசு’ என்பர். உலோகங்களைப் பொருத்தும் பற்றாசே அதற்கு உவமை. அரூர்க் கடைவீதியில் வானொலியும் கைப்பேசியும் பழுதுபார்ப்போர் கையாளும் ‘சால்டரிங் அயர்ன்’ என்னும் சூட்டுக்கோல், அப்பற்றாசை உருக்கும் கருவியாகும்.

மாணவர்களே! வெள்ளீயம் 63 பங்கும் காரீயம் 37 பங்கும் கலந்த பற்றாசு 183 பாகை செல்சியசில் உருகும். ஆயினும், கோலின் முனை கறுத்திருப்பின் பற்றாசு அதில் ஒட்டாது உருண்டுவிழும். சூடான உலோகத்தோடு காற்றிலுள்ள உயிர்வளி கூடி உண்டாகும் மாசுப்படலம் வெப்பத்தைத் தடுப்பதே காரணம். அந்நிலையில் கோலை நெடுநேரம் அழுத்தினால், பலகையின் மெல்லிய செப்புத்தடம் பெயர்ந்து கருவி பாழாகும்.

கறுப்பை அரத்தால் தேய்க்கலாமோ? முழுதும் செம்பாலான பழைய முனைக்கு அது தகும். இக்கால முனையோ செம்பின்மேல் இரும்புப் பூச்சு உடையது. உருகிய பற்றாசில் செம்பு கரையும். அதனைக் காப்பது அப்பூச்சே. அரத்தால் அது நீங்கின், முனையில் குழிவிழும். ஆதலின், சூடான முனையை ஈரப் பஞ்சில் மெல்லத் துடைத்து, உடனே புதுப் பற்றாசு பூசுதல் வேண்டும். பித்தளைப் பாத்திரத்தைத் துலக்கிச் சூட்டோடு ஈயம் பூசுவதும் இத்தகையதே. வேலை முடிந்தபின் அப்பற்றாசைத் துடையாது விடுக. மறுநாள் வரையும் முனையைக் காற்றினின்று காப்பது அதுவே.