நரைக்கு அவுரி: பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க!

அருள்புரம் வட்டாரத்தில் சாயம் என்றதும் சாயப்பட்டறைதான் ஞாபகத்துக்கு வரும். பனியன் துணியில் ஏறும் சாயத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம். நம் தலையில் தடவும் சாயத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறோமா?

'ஹெர்பல்', 'பிளாக் ஹென்னா' என்று விற்கும் சில பாக்கெட்டுகளில் 'பி.பி.டி.' என்ற ரசாயனம் இருக்கும். ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அரிப்பு, கொப்புளம், முக வீக்கம்கூட வரலாம். வெறும் மருதாணி சிவப்புதான் தரும். அதைக் கறுப்பாக்குவது அவுரி.

அவுரி, அவரை, கொள்ளு எல்லாம் ஒரே குடும்பம். அவுரிக்கு நீலி என்றும் பெயர். இதன் இலையைத் தண்ணீரில் குழைத்தால் பிரிந்து வரும் பொருள், காற்றுப் பட்டதும் நீலமாகும். மருதாணிச் சிவப்பின்மேல் அந்த நீலம் ஏறினால் கறுப்பு!

முதலில் மருதாணி போட்டு, 2 மணி நேரம் கழித்து அலசுங்க. பிறகு அவுரிப் பொடியை வெதுவெதுப்பான நீரில் குழைத்து, 15 நிமிடம் கழித்துத் தடவுங்க. 1 மணி நேரத்தில் வெறும் தண்ணீரில் அலசுங்க. முதலில் பச்சையடிக்கும். பயப்படாதீங்க, ஓரிரு நாளில் கறுத்துவிடும்.

ஒன்று கவனம். தூத்துக்குடிப் பக்கம் நிலாவாரையையும் அவுரி என்பார்கள். அது பேதி மருந்து, கறுப்பு தராது. கேட்டு வாங்குங்க.

எந்தப் பொடியானாலும் முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி, 48 மணி நேரம் பொறுங்க. அரித்தால் அது உங்களுக்கு வேண்டாம். முகம் வீங்கினாலோ, மூச்சு முட்டினாலோ உடனே டாக்டரிடம் ஓடுங்க. நரையோடு இருப்பதில் ஆபத்தே இல்லையே!