கல்லைக் கேள், தண்ணீரைக் கேள்

அன்பு மருமகள் கோமதிக்கு,

சாப்பிடலாம். நன்றாகக் கழுவி, தோலைச் சீவிவிட்டுச் சாப்பிடு. நீ கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் உன் தோழி வீட்டுப் பழத்தை 'கிரஷர் பக்கத்துத் தோப்பில் விளைந்த மாம்பழம்' என்று நீ எழுதியிருந்த தோரணையைப் பார்த்தால், குவாரி என்றாலே விஷம், அது அப்படியே பழத்துக்குள் ஏறிவிடும் என்று முடிவு கட்டிவிட்டாய் போலிருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியல் படிக்கிற பிள்ளை அப்படி அவசரப்படலாமா? போனில் சொன்னால் பாதியில் உன் அம்மா பிடுங்கிப் பேச ஆரம்பித்துவிடுவாள். அதனால் எழுதுகிறேன்.

எந்தச் சுரங்கத்துக்குப் பக்கத்தில் எந்தப் பயிர் நின்றாலும் முதலில் கேட்க வேண்டியது, அங்கே என்ன கல்லைத் தோண்டுகிறார்கள் என்பது. அடுத்தது, அங்கிருந்து வரும் தண்ணீர் எங்கே போகிறது என்பது. இந்த இரண்டும் தெரியாமல் பயிரைப் பற்றிப் பேசுவது வெறும் பயம். 'சுரங்கம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?' என்ற கேள்வியெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் கிரஷரில் அரைபடுவது கருங்கல். ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் லாரியில் போகிறது. கருங்கல்லில் இருப்பதெல்லாம் பெரும்பாலும் சிலிக்காவும் சிலிக்கேட்டும். அதற்குள் கொஞ்சநஞ்சம் உலோகம் இருந்தாலும் படிகத்துக்குள் பூட்டிக் கிடக்கும். மழைத் தண்ணீரால் அதைச் சட்டென்று கரைத்து வேருக்கு ஊட்டிவிட முடியாது. ஆகையால் உன் தோழி வீட்டுச் சப்பட்டை மாம்பழத்தின் சதைக்குள் கிரஷர் போய் உட்கார்ந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

அதற்காகத் தோப்புக்குக் கெடுதலே இல்லை என்று எடுத்துக்கொள்ளாதே. கெடுதல் வேறு வழியில் வருகிறது. இலையில் படியும் கல்தூசி வெயிலை மறைக்கிறது, இலைத்துளைகளை அடைக்கிறது. மார்கழி, தையில் மா பூக்கிறதே, அப்போது பனியும் இறங்கும். பனி ஈரத்தோடு தூசி சேர்ந்து பூங்கொத்தில் அப்பிக்கொண்டால் மகரந்தம் சூலகமுடியில் ஒட்டுவது குறையும், காய்ப்பிடிப்பும் குறையும். குத்தகைக்காரருக்கு நஷ்டம், தின்பவருக்கு நஞ்சில்லை. இன்னொன்று, ஆழமாகத் தோண்டிய குவாரிக் குழி நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே இறங்கிவிட்டால், சுற்றியுள்ள கிணறுகளின் தண்ணீர் அதை நோக்கி வடியும். குழியிலிருந்து மோட்டார் வைத்து வெளியே இறைப்பார்கள். தென்னை காய்வதற்கு அது போதும்.

பழத்தைப் பற்றிக் கேட்ட நீ, அந்தக் கிரஷரில் வேலை பார்ப்பவர்களைப் பற்றி ஒரு வரி கேட்டிருக்கலாம். அதே தூசியிலுள்ள குவார்ட்ஸ் பொடி மூச்சோடு உள்ளே போனால் நுரையீரல் தழும்பேறும். சிலிகோசிஸ் என்பார்கள். வந்தால் போகாது. கழுவிச் சாப்பிட நமக்கு வழி இருக்கிறது. அவர்களுக்கு ஏது?

கிழக்கே அருப்புக்கோட்டை, பந்தல்குடிப் பக்கம் போனால் கல் மாறிவிடும். அங்கே சுண்ணாம்புக்கல். ஆர்.ஆர்.நகரில் 1962 முதல் சிமென்ட் ஆலை ஓடுவதே இந்தக் கல்லை நம்பித்தான். சுண்ணாம்புத் தூசி விழுந்த மண்ணில் காரத்தன்மை ஏறும். நம் கரிசல் மண் ஏற்கெனவே காரம்தான். கார மண்ணில் பெரும்பாலான உலோகங்கள் கரையாமல் அடங்கிவிடுகின்றன. காட்மியமும் காரீயமும் அடங்குகின்றன, பயிருக்கு வேண்டிய இரும்பும் துத்தநாகமும்கூட அடங்கிவிடுகின்றன. நிலக்கடலையும் எலுமிச்சையும் இளம் இலையில் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, மீதியெல்லாம் மஞ்சளடித்துப் போவது இதனால்தான். அந்தச் செடிக்கு வந்திருப்பது பசி. (ஆர்சனிக், மாலிப்டினம் மாதிரி ஒன்றிரண்டு இந்தக் கணக்குக்கு விலக்கு. காரம் ஏற ஏற அவை இளகும். நுழைவுத் தேர்வுக்கு உதவும், குறித்துக்கொள்.)

சரி, அப்படியானால் சுரங்கத்தால் சோறு நஞ்சாகிற கதை எங்கே நடக்கிறது? துத்தநாகம், காரீயம், செம்பு எடுக்கும் இடங்களில். அந்தத் தாதுக்கள் கந்தகத்தோடு பிணைந்து கிடப்பவை. தோண்டி வெளியே போட்டதும் காற்றும் தண்ணீரும் பட்டுக் கந்தக அமிலம் உண்டாகிறது. அமிலம் உலோகத்தைக் கரைக்கிறது. கரைந்தது ஓடையில் இறங்குகிறது, ஓடை வாய்க்காலாகிறது, வாய்க்கால் வயலுக்குப் போகிறது. இரும்புச் சல்பைடு ஆக்சிஜனேற்றச் சமன்பாட்டை நீ படித்திருப்பாய். அதன் விளைவு சோற்றுத் தட்டு வரைக்கும் வந்த ஊர் ஜப்பானில் இருக்கிறது.

தோயாமா மாகாணத்தில் ஜின்சு ஆறு. அதன் மேற்பகுதியில் மிட்சுயி நிறுவனத்தின் காமியோக்கா சுரங்கம், துத்தநாகமும் காரீயமும் எடுத்தது. துத்தநாகத் தாதுவோடு காட்மியம் எப்போதும் ஒட்டிக்கொண்டு வரும். அந்த நாளில் அதை யாரும் பொருட்படுத்தாமல் கழிவோடு ஆற்றில் விட்டார்கள். கீழே ஆற்றுப் பாசனத்தில் நெல் விளைந்தது. பல வருஷம் அந்தச் சோற்றைத் தின்றவர்களுக்கு, அதிலும் பிள்ளை பெற்று நடுவயது கடந்த பெண்களுக்கு, முதலில் சிறுநீரகம் கெட்டது, பிறகு எலும்பு இளகியது. இருமினால் விலா எலும்பு ஒடியும் நிலைமை. ஊரில் வைத்தியம் பார்த்த ஹாகினோ என்ற மருத்துவர் இதற்குச் சுரங்கத்துக் காட்மியம்தான் காரணம் என்று சொன்னபோது அவரை ஏளனம் செய்தவர்கள் உண்டு. 1968இல் ஜப்பான் அரசு அதைச் சுற்றுச்சூழல் மாசால் வந்த நோய் என்று ஒப்புக்கொண்டது. 'இதாய்-இதாய்' நோய் என்று தேடினால் படம் கிடைக்கும். ராத்திரியில் பார்க்காதே.

அந்த மக்கள் சுரங்கக் கம்பெனி மேல் போட்ட வழக்கில் 1972இல் மேல்முறையீட்டிலும் ஜெயித்தார்கள். நஷ்டஈட்டோடு அவர்கள் இன்னொன்றும் வாங்கினார்கள். ஊர்க்காரர்களும் அவர்கள் அழைத்து வரும் நிபுணர்களும் வருஷாவருஷம் சுரங்க வளாகத்துக்குள் நுழைந்து சோதித்துப் பார்க்கலாம், செலவு கம்பெனியுடையது என்று எழுதி வாங்கினார்கள். வழக்கில் கிடைத்த பணத்தைவிட இதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். வயலைச் சரிசெய்ய 1979 முதல் 2012 வரை ஆனது. கெட்ட மேல்மண்ணை அடியில் புதைத்து நல்ல மண்ணை மேலே பரப்பி, 863 ஹெக்டேரைத் திருத்தினார்கள். ஒரு தலைமுறைக்கால வேலை.

இப்போது நீ கேட்பாய்: வேண்டாததைச் செடி ஏன் உறிஞ்சுகிறது? அதற்கு ஆள் அடையாளம் தெரியாது. நெல்வேரில் மாங்கனீசு நுழைகிற வாசல் ஒன்று உண்டு. காட்மியமும் அதே உருவத்தில் வந்து அதே வாசலில் நுழைந்துவிடுகிறது. சிலிக்கா நுழைகிற வாசலில் ஆர்சனிக் நுழைகிறது. காரீயத்துக்கு அப்படி வசதியான வாசல் கிடையாது. அது வேரோடு நின்றுவிடும். கீரையில் காரீயம் இருந்தால் பெரும்பாலும் இலையில் தெறித்த மண்ணும் படிந்த தூசியும்தான், கழுவினால் கணிசமாகப் போகும். காட்மியம் கழுவிப் போகாது. அது இலைக்குள்ளேயே இருக்கிறது. பொதுவாகக் கீரையில் அதிகம் சேரும், கிழங்கில் அதற்கடுத்து, தானியத்தில் இன்னும் குறைவு, மரத்துப் பழத்தில் மிகக் குறைவு. நிலக்கடலை மட்டும் இந்த வரிசைக்கு அடங்காது, காட்மியத்தைக் கொஞ்சம் ஆசையாகவே சேர்த்துக்கொள்ளும். அரிசிக்குக் கிலோவுக்கு 0.4 மில்லிகிராம் காட்மியம் வரை என்று உலக உணவுத் தரம் வைத்திருக்கிறார்கள். அரிசியை நாம் தினம் மூன்று வேளை தின்பதால் இந்த அளவைக் கவனிக்க வேண்டும்.

நெல்லில் ஒரு சங்கடம் உண்டு. வயலில் தண்ணீர் கட்டி நிறுத்தினால் காட்மியம் மண்ணிலுள்ள கந்தகத்தோடு சேர்ந்து கரையாமல் அடங்கும். தண்ணீரை வடித்து வயலைக் காயவிட்டால் மறுபடி கரைந்து கதிருக்குப் போகும். அதனால் ஜப்பானில் கதிர் வெளிவருவதற்கு முன்னும் பின்னும் மூன்று மூன்று வாரம் தண்ணீரை வடிக்காமல் வைத்திருக்கச் சொல்வார்கள். ஆர்சனிக் இருக்கிற மண்ணில் நேர் எதிர். தண்ணீர் நின்றால் அது இளகி ஏறும், காய்ந்தால் அடங்கும். நம் வேளாண் துறை தண்ணீர் சிக்கனத்துக்காகச் சொல்லும் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' முறை ஆர்சனிக் மண்ணுக்கு மருந்து, காட்மியம் மண்ணுக்கு வினை. எந்த மண் என்று தெரியாமல் ஒரே உபதேசத்தை எல்லா வயலுக்கும் செய்ய முடியாது என்று நான் சொல்வதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஜப்பானின் அகிதா மாகாணத்திலும் பழைய சுரங்கங்கள் உண்டு. அங்கே அந்த மாங்கனீசு வாசலை அடைத்த 'அகிதகோமாச்சி ஆர்' என்ற ரகத்துக்கு 2025இல் மாறினார்கள்.

தாய்லாந்தின் மே சோட்டில் வேறு வழி பார்த்தார்கள். துத்தநாகச் சுரங்கத்துக்குக் கீழே நெல்வயல்களில் காட்மியம் ஏறியிருப்பதை, கொழும்பைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச நீர் மேலாண்மை நிறுவனம் தாய்லாந்து அதிகாரிகளோடு சேர்ந்து கண்டுபிடித்தது. அரசு நெல்லை நிறுத்தச் சொல்லி, எத்தனாலுக்குக் கரும்பு போட வைத்தது. சாப்பிடாத பொருளாக விளைவித்தால் வயிறு தப்பிக்கும். ஆனால் சொந்த வயல் அரிசியை ஆக்கித் தின்ற விவசாயி கடையில் அரிசி வாங்க நேர்ந்ததை எந்தக் கணக்கில் எழுதுவது?

நம் மாநிலத்தில் யோசிக்க வேண்டிய இடம் நெய்வேலி. அங்கே பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956இல் தொடங்கியது. நிலக்கரியை எடுக்க வேண்டுமென்றால் அடியிலிருந்து பீறிடும் ஊற்றை ஓயாமல் இறைத்தாக வேண்டும். அந்தத் தண்ணீர் வாலாஜா ஏரி வழியாக வயலுக்குப் பாய்கிறது. கடைமடைக்கு அது வரம் என்கிறவர்களும் உண்டு, சாம்பலும் சகதியும் வருகிறது என்கிறவர்களும் உண்டு. 2023இல் பூவுலகின் நண்பர்களும் மந்தன் அத்யயன் கேந்திராவும் நெய்வேலி, பரங்கிப்பேட்டைப் பகுதியில் நீரையும் மண்ணையும் ஆராய்ந்து, உலோக மாசு இருப்பதாக அறிக்கை தந்தார்கள். என் கவலை, இத்தனை வருஷத்தில் வயல்வாரியாக, பயிர்வாரியாக அரசாங்கமே எடுத்துத் தொடர்ந்து வெளியிட்டிருக்க வேண்டிய கணக்கை, தன்னார்வக் குழுக்கள் போய் எடுத்துவர வேண்டியிருந்ததே என்பதுதான்.

சுரங்கமே இல்லாத ஊரிலும் சுரங்கம் மூட்டையில் வந்து இறங்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சூப்பர் பாஸ்பேட், டிஏபி எல்லாம் பாறை பாஸ்பேட்டிலிருந்து செய்பவை. மொராக்கோவிலும் ஜோர்டானிலும் வெட்டியெடுத்த பாறை அது. அதில் காட்மியம் கொஞ்சம் உண்டு, எந்தச் சுரங்கத்துப் பாறை என்பதைப் பொறுத்துக் கூடும் குறையும். போட்ட உரத்திலிருந்து மண்ணில் சேர்வது வருஷத்துக்கு அற்பம்தான். ஆனால் சேர்ந்தது போகாது. குவாரியைப் பார்த்துப் பதறுகிற நீ, உன் தாத்தா கிடங்கில் அடுக்கியிருக்கும் மூட்டைகளையும் ஒரு கண் பார்க்கலாம்.

'மண்வள அட்டை இருக்கிறதே, அதில் பார்த்தால் தெரியாதா?' என்று கேட்காதே. 2015இல் வந்த அந்த அட்டையில் 12 விவரம் உண்டு: தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, செம்பு, மாங்கனீசு, போரான், கார அமில நிலை, உப்பின் அளவு, கரிமச் சத்து. பயிருக்கு என்ன பற்றாக்குறை என்று அது சொல்லும். காட்மியம், காரீயம், ஆர்சனிக் அதில் கிடையாது. தனியாகக் கேட்டு, காசு கட்டித்தான் பார்க்க வேண்டும். கனிமம் எடுப்பவர்கள் கட்டும் தொகையிலிருந்து பாதிப்புள்ள ஊர்களுக்குச் செலவிட மாவட்டக் கனிம அறக்கட்டளை என்று ஒன்று, 2015 சட்டத் திருத்தத்துக்குப் பின் ஏற்படுத்தியிருக்கிறார்கள். கிராம சபையில் மண்டபமும் தார்ச்சாலையும் கேட்பதற்கு முன்னால் இந்தப் பரிசோதனையைக் கேட்கலாம் என்பது என் கட்சி.

உன் தோழியின் அப்பா சம்மதித்தால் அரையாண்டு விடுமுறையில் நீங்கள் இரண்டு பேரும் மண் எடுங்கள். ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடிப்பதால் கிரஷருக்குக் கிழக்கே தூசி அதிகம் விழுந்திருக்கும். அங்கே ஒரு மாதிரி, மேற்கே அதே நிற மண்ணில் ஒரு மாதிரி. ஒன்றோடு ஒன்று ஒப்பிடாமல் தனி எண்ணை வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. ஒவ்வொரு பக்கத்திலும் பத்துப் பதினைந்து இடத்தில், மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு, 'வி' வடிவில் 15 சென்டிமீட்டர் குழி பறித்து, ஓரத்து மண்ணை மேலிருந்து கீழாகச் சீவி எடு. வரப்பு, எருக்குழி, கிணற்றடி பக்கம் எடுக்காதே. இரும்புக் கரண்டி வேண்டாம், மரக்குச்சியோ பிளாஸ்டிக் கரண்டியோ போதும். எல்லாவற்றையும் கலந்து, நிழலில் உலர்த்தி, நான்காகப் பிரித்து எதிரெதிர் பங்குகளைத் தள்ளித் தள்ளி அரைக் கிலோவுக்குக் கொண்டு வா. பாசனக் கிணற்றுத் தண்ணீரும் ஒரு பாட்டில் பிடித்துக்கொள்.

பையில் பென்சிலால் எழுது, பேனா மை ஈரத்தில் அழியும். ஸ்ரீவில்லிபுத்தூர் பருத்தி ஆராய்ச்சி நிலையத்தில் எனக்குப் பழக்கமானவர்கள் இருக்கிறார்கள். எங்கே அனுப்பினால் உலோகம் பார்ப்பார்கள் என்று விசாரித்து வைக்கிறேன். பணம் நான் கட்டுகிறேன், அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

உன் மாமா
ராஜபாளையம்